கட்டடக் கலைஞர் கார்டன் கட்டிய கோர்ட்டுகளை வைத்திருக்கும் டெக்சஸ் கவுண்டி (மாவட்ட) கமிஷனர்களுக்கு

வணக்கம். பழைய நீதிமன்றக் கட்டடங்களைப் புதுப்பிக்க மாநில அரசு 1999-லிருந்து உதவித்தொகை கொடுத்து வருகிறது, நல்ல விஷயம். ஆனால் உங்கள் ஊரில் இருப்பது ஜேம்ஸ் ரைலி கார்டன் கட்டியது என்றால், பணம் வந்ததும் மணிக்கூண்டுக்கு வண்ணம் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கூண்டுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வர்ஜீனியாவில் 1863-ல் பிறந்து சிறுவயதிலேயே சான் அன்டோனியோவுக்கு வந்தவர், வேலை பார்த்தபடியே தொழிலைக் கற்றவர். டெக்சஸில் அவர் கட்டிய 18 கோர்ட்டுகளில் 12 இன்னும் நிற்கின்றன. ராக்போர்ட்டில் இருந்த அழகான ஒன்றை இடித்தே விட்டார்கள், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டெக்சஸ் கோடையில், ஏசி கனவில்கூட இல்லாத காலத்தில், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வழக்காடிய மனிதர்களுக்காக அவர் யோசித்த வழி எளிமையானது. கட்டடத்தைச் சிலுவை வடிவில் அமைத்து, கைகள் சேரும் உள்மூலைகளில் நிழலான தாழ்வாரங்களை வைத்து, நட்டநடுவில் மாடிப்படி சுற்றி ஏறும் ஒரு திறந்த வெளியை அடிமுதல் மணிக்கூண்டுக் கோபுரம்வரை விட்டார். தாழ்வாரத்தின் குளிர்ந்த காற்று உள்ளே வரும், சூடான காற்று கோபுரம் வழியாக மேலேறி வெளியேறும். அதாவது, நீங்கள் அலங்காரம் என்று நினைக்கும் கோபுரம்தான் அந்தக் கட்டடத்தின் புகைபோக்கி! வாக்ஸஹாச்சியில் 1897-ல் முடிந்த எல்லிஸ் கவுண்டி கோர்ட்டுக்குப் போனால், தூண்களில் செதுக்கிய முகங்களையும் அதைச் செதுக்கியவரின் காதல் தோல்வியையும் கதை கதையாகச் சொல்கிறார்கள் (கதை உண்மையா என்பது வேறு விஷயம்), தலைக்கு மேலே போகும் காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஏசி வந்த பிறகு இப்படிப்பட்ட நடுவெளி வீண் இடமாகத் தெரிந்தது, பல ஊர்களில் தளம் போட்டு அடைத்து அலுவலக அறை ஆக்கினார்கள். லா கிரேஞ்சில் ஃபயெட் கவுண்டிக்காரர்கள் புதுப்பித்தபோது அடைத்ததை எடுத்துவிட்டு நடுமுற்றத்தை மீட்டார்கள். அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது? அடுத்த விண்ணப்பத்தில் நடுவெளியைத் திறக்கும் செலவை முதல் வரியில் எழுதுங்கள். அப்புறம் வாசலில் ஒரு பலகை, அதில் கார்டன் பெயரோடு காற்று போகும் வழியைக் காட்டும் சின்னப் படமும் இருக்கட்டும்.