ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வால்பாறைப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆழியாறு அணை, குரங்கு அருவி, 40 கொண்டை ஊசி வளைவுகள், கூழாங்கல் ஆறு, எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எல்லாம் இருந்தது. அந்த மலையிலிருந்து வண்டியை எப்படி இறக்குவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது தெரியாமல் போன பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கல்லூரித் தோழிகள். ஐம்பதை நெருங்குகிறோம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒருமுறை நாம் மட்டும் போய்வர வேண்டும் என்று மூன்று வருடமாகப் பேசி, ஒருவழியாகக் கிளம்பினோம். கார் என்னுடையது, ஓட்டியதும் நான்தான். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன், அத்தனையும் சமவெளியில்.

தாராபுரத்தில் விடிவதற்கு முன் கிளம்பினோம். காற்றாலைகளைத் தாண்டி உடுமலை, பொள்ளாச்சி, கோட்டூர். அங்கலக்குறிச்சியில் டீ குடித்தோம். தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலை சட்டென்று சுவர்போல எழுந்து நிற்பதை அங்கிருந்து பார்க்க வேண்டும். ஆழியாறு சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்றபோது நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் கிடந்தது. அதைவிட எங்களை நிறுத்தி வைத்தது வரையாடுகள். சாலையோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு தாயும், பிறந்து சில வாரமே ஆன குட்டியும். குட்டி செங்குத்துப் பாறையில் நாலு கால் வைத்து ஏறிவிட்டு, தாயைத் திரும்பிப் பார்க்கிறது. நம் மாநில விலங்கு. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 வரையாடுகள்தாம் இருந்தன. அவற்றில் சில, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரிசை கட்டும் இந்தச் சாலையின் ஓரத்தில்தான் மேய்கின்றன. அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒரு கார் பாட்டை அலறவிட்டபடி வளைவை வெட்டித் திரும்பியது. தாயும் குட்டியும் ஒரே பாய்ச்சலில் சரிவில் மறைந்தன.

மேலே அட்டகட்டி, அய்யர்பாடி, ரொட்டிக்கடை. ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு என் தோழி உண்மையிலேயே ரொட்டி தேடினாள். கவர்க்கல் பக்கம் பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. நடுமலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடு ஒன்றின் வாசலில் நின்ற அம்மா, தன் மாமியார் காலத்தில் தேயிலையைக் கையால்தான் கிள்ளுவார்கள், இப்போது கத்திரியால் வெட்டுகிறோம், தோள்பட்டை போகிறது என்று காட்டினார். அந்த அம்மாவோடு பேசியது எந்தக் காட்சிமுனையைவிடவும் எங்களுக்கு நினைவில் நிற்கிறது.

மறுநாள் மதியம் இறங்கும்போதுதான் வினை. ஏறும்போது இரண்டாவது கியரில் முக்கி முக்கி ஏறியவள், இறக்கம் தானே என்று மூன்றிலும் நான்கிலும் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். அட்டகட்டி தாண்டிச் சில வளைவுகளில் கருகல் வாடை. பிறகு மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. பின்னால் இருந்தவள் என் தோளைப் பிடித்தது இன்னும் உணர்கிறேன். இரண்டாவது கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, மலைப் பக்க மண்ணில் உரசி நிறுத்தினேன்.

பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, முதலில் சக்கரத்துக்கு அண்டையாகக் கல் வைத்தார். தண்ணீர் ஊற்றப்போன தோழியைத் தடுத்தார். சூடேறிக் கிடக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளுமாம். "தானா ஆறட்டும், அரை மணி நேரமாவது உட்காருங்க. ஏறுன கியர்லயேதான் எறங்கோணும் அம்மிணி. பிரேக்கு நிறுத்தறதுக்கு. வண்டியப் புடிச்சு எறக்கறது எஞ்சினு" என்றார்.

பதினெட்டு வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. ஓட்டக் கற்றுக்கொண்ட இடத்திலும் மேடு என்று ஒரு பாலத்தைத்தான் காட்டினார்கள். விடாமல் மிதித்தால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடியை இழக்கும், உள்ளே இருக்கும் எண்ணெய் கொதிக்கும் என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் பெரும்பாலான வண்டிகளில் கியரைக் கையால் குறைத்துப் பிடிக்க முடியும். அதற்கெனக் கியர் தண்டருகே இருக்கும் எழுத்து எதற்கு என்றே பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். வளைவில் ஏறிக்கொண்டிருந்த அரசுப் பேருந்துக்கு எதிரே ஒரு பெரிய கார் இறங்கி வந்து, நகர மாட்டேன் என்று நின்றது. அத்தனை பயணிகளோடு பேருந்துதான் பின்னால் உருண்டு வழிவிட்டது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. சாலை விதியே அப்படித்தான். ஏற்றத்தில் நின்றுவிட்ட பேருந்தை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஓட்டுநரின் முகத்தில் தெரிந்தது.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் தரையில் இறங்காமல் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. அந்தப் பாலத்தின் கீழேயே காரை நிறுத்தி, குரங்குகளிடம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். பாலம் கட்டியவர்கள் பட்ட சிரமத்துக்கு என்ன பொருள்? யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் ஏற்பாடும் வால்பாறையில் இருக்கிறது. விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கு யார் சொல்வது?

ஆழியாறு சாவடியில் எல்லா வண்டியும் எப்படியும் நிற்கிறது. பிளாஸ்டிக் இருக்கிறதா, பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற அதே இரண்டு நிமிடத்தில் இதையெல்லாம் அச்சிட்ட ஒரு சிறு தாளைக் கொடுத்துச் சொல்லி அனுப்ப வனத்துறையை வேண்டுகிறேன். ஆனால் அந்தச் சாவடி மலைக்குக் கீழே இருக்கிறது, ஆபத்தோ திரும்பி இறங்கும்போது. ஆகவே வால்பாறையிலிருந்து இறக்கம் தொடங்கும் இடத்தில், வளைவு எண் பலகைகள் கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிதாக, ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறை ஒரு பலகை வைக்க வேண்டும்.

தங்களிடம் கேட்பது இதுதான். ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை என்று எந்த மலைப் பயணக் கட்டுரை வந்தாலும், விடுதிப் பட்டியலுக்குப் பக்கத்தில் லாரிக்காரர் சொன்னதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். காலாண்டு விடுமுறைக்கு மறுபடி வண்டிகள் வரிசையாக ஏறப்போகின்றன. அதற்கு முந்தைய இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராபுரம்.