ஞாயிறு மாலை: எவிட்டா

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 'எவிட்டா' இசை நாடகம் பற்றிப் பேசுகிறோம். நேரமில்லாதவர்கள் 1976-இல் வந்த இசைத்தட்டையாவது கேட்டுவிட்டு வாருங்கள். இதில் பாட்டுகள்தான் முதலில் வந்தன. லண்டனில் மேடையேறியது 1978-இல்தான்.

அர்ஜென்டினாவின் எவா பெரோன் கதை இது. சிற்றூரில் பிறந்து, வானொலி நடிகையாகி, 1946-இல் அதிபரின் மனைவியாகி, 33 வயதில் புற்றுநோயால் இறந்தவர். ஏழைகளுக்குத் தெய்வம், எதிரிகளுக்குப் பதவி ஆசை பிடித்த நடிகை. நாடகம் எதிரிகள் பக்கமே கொஞ்சம் சாய்கிறது என்பேன். 1947-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க அவர் பாடுபட்டதெல்லாம் மேடையில் பெரிதாகத் தெரியாது.

2025 லண்டன் தயாரிப்பின் பால்கனிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். நாயகி ரேச்சல் செக்லர் அரங்கின் வெளி பால்கனியில் நின்று, தெருவில் திரண்ட கூட்டத்தைப் பார்த்துப் பாடினார். காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் திரையில் நேரலை, தெருவில் நின்றவர்களுக்கு இலவசம்! சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ எவா கதைக்கு இதைவிடப் பொருத்தமாகச் செய்ய முடியாது என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம், குரல் பதிவு 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நம்மூர் தலைவர்களையும் இதில் இழுக்காதீர்கள், விடிந்துவிடும்.