லாரி எண்ணோடு கம்பெனியையும் சரிபார்க்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். லாரி விபத்துச் செய்திகளின் கடைசிப் பத்தியில் அடிக்கடி ஒரு வரி வருகிறது: 'வாகனத்துக்கு எஃப்.சி. காலாவதியாகியிருந்தது விசாரணையில் தெரியவந்தது.' எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று. லோடு ஏற்றிய அன்றே மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டியிருந்தால் இதற்கு விசாரணையே தேவைப்பட்டிருக்காது. வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் பேசுபவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று ஆகியவை எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். இன்றைக்குச் செல்லுமா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரக்கு இறங்கும் நாள்வரை, முடிந்தால் வண்டி திரும்பும் நாள்வரை செல்ல வேண்டும். ஆறு நாள் ஓட்டத்துக்கு வந்த வண்டிக்கு எஃப்.சி. மூன்று நாளில் முடிகிறதென்றால் அது எஃப்.சி. இல்லாத வண்டிதான். எட்டு வயதுக்கு உட்பட்ட லாரிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், எனவே பழைய வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. இன்சூரன்ஸ் புதுப்பித்த விவரம் செயலியில் ஏறச் சில நாள் ஆகலாம். அப்போது பாலிசி நகலை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யலாம். வெளிமாநில லோடு என்றால் நேஷனல் பெர்மிட்டையும் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவர் அதற்கு எங்கே போவார்?

காகிதம் சரியாக இருந்து, வந்து நிற்பது வேறு வண்டியாகவும் இருக்கலாம். நம்பர் பிளேட்டோடு நிற்காமல் சேஸி (அடிச்சட்டம்) எண்ணையும் ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒப்பிட வேண்டும். பல லாரிகளில் அது வலது பக்கச் சேஸியில், முன்சக்கரத்துக்கு அருகே அடிக்கப்பட்டிருக்கும். மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடக்கும். துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதிந்துவிடும். அந்தத் தாளை எல்.ஆர். (லாரி ரசீது) நகலோடு சேர்த்து வையுங்கள். அதன் கடைசி ஐந்து எழுத்துகளை வண்டி எண்ணோடு, போக்குவரத்து அபராதங்களுக்கான இ-சலான் தளத்தில் கொடுத்தால் அபராத நிலுவை தெரியும். ஒன்றிரண்டு பார்க்கிங் சலான் பெரிய விஷயமில்லை. அதிவேகம், ஓவர்லோடு என்று வரிசையாக வந்தால் வேறு வண்டி கேட்பதே நல்லது.

ஓட்டுநர் உரிமத்தை அரசின் சாரதி தளத்தில் உரிம எண், பிறந்த தேதி கொண்டு பார்க்கலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகுரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எரிபொருள், ரசாயனம் ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு அபாயகரமான பொருள்களுக்கான மேற்குறிப்பு உரிமத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை எடையில்தான். ஆர்.சி.யில் மொத்த எடை 28,000 கிலோ, வெற்று எடை 9,800 கிலோ என்றிருந்தால் 18,200 கிலோ ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் அந்த வெற்று எடை பதிவு செய்த நாளினுடையது. பிறகு பாடியில் வைத்த இரும்பையும் சேர்த்து எடை மேடையில் 10,400 கிலோ காட்டினால், ஏற்றக்கூடியது 17,600 கிலோதான். ஆகவே காலி வண்டியை முதலில் எடை போட்டாக வேண்டும். இதே வண்டியில் 21,600 கிலோ ஏற்றினால் மொத்தம் 32,000 கிலோ, அதாவது 4 டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயும் சேர்த்து அபராதம் 28,000 ரூபாய். அதிகப்படி சரக்கையும் இறக்க வேண்டும். ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது என்பதை லோடு ஏற்றும் இடத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அபராதம் போகட்டும், தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் அந்த 4 டன்தான் பிரேக் டிரம்மைச் சூடேற்றிப் பிடிப்பை விட வைக்கிறது.

இனி கம்பெனி விஷயம். டிரான்ஸ்போர்ட் என்று பலகை மாட்டியிருக்கும் பல புக்கிங் ஆபீஸ்களுக்குச் சொந்த லாரி கிடையாது. கிடைக்கும் வண்டியைக் கமிஷனுக்குப் பிடித்துத் தருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருப்பது, புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு 10 ஆண்டு செல்லும். அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் அது நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்று பார்க்கலாம். அந்த எண்ணின் ஆறாவது எழுத்தையும் பாருங்கள்: 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' கூட்டு நிறுவனம், 'பி' தனிநபர். லெட்டர்பேடில் 'பிரைவேட் லிமிடெட்', எண்ணில் 'பி' என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் சரக்குக்கும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சரக்கு சேதமானால் கம்பெனியின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். 30,000 ரூபாய் வாடகையில் 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு போனால் அதிகபட்சம் 3 லட்சம். கூடுதல் பொறுப்புக் கட்டணம் தர முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வரம்பு மாறும். வழக்குப் போடுவதானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தாலும் அந்தக் கம்பெனி அனுப்பும் வண்டிகள் எத்தனை விபத்தில் சிக்கின என்பது தெரியாது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தனி எண் உண்டு. அதை இணையத்தில் கொடுத்தால், கடந்த 24 மாதங்களில் நடந்த சோதனைகள், வண்டியையோ ஓட்டுநரையோ சாலையில் நிறுத்திவைத்த விகிதம், விபத்துகள் எல்லாம் கட்டணமின்றித் தெரியும். இங்கே விபத்து விவரம் சாலை விபத்துகளைப் பதியும் இ-டார் தளத்தில், அபராதம் இ-சலானில், எஃப்.சி. வாகனப் பதிவுக்கான வாகன் தளத்தில் எனத் தனித்தனியே கிடக்கிறது. சரக்குப் போக்குவரத்துப் பதிவு எண்ணை எல்.ஆர். ஒவ்வொன்றிலும் அச்சிடச் செய்து, அந்த எண்ணின் கீழ் மூன்றையும் இணைத்துப் போக்குவரத்துத் துறை பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். லாரி உரிமையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் எங்களுக்குத் தேவையில்லை. அவர்கள் பெயரைச் செயலி மறைப்பதிலும் குறை சொல்லவில்லை. கம்பெனியின் பெயர், பதிவு செல்லும் தேதி, விபத்து, அபராதங்களின் எண்ணிக்கை, இவ்வளவு போதும்.

இப்படிக்கு,
சரக்கு அனுப்பும் பணியில் உள்ள வாசகர்கள்