சேகருக்கு: சில்லறை மூட்டையும் சேமிப்பும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல வேலை அமைந்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை, மாடிப்படி ஏற முடிகிறது.

மாதாமாதம் சேமிப்பில் ஒரு பகுதியைப் புது நாணயங்களாக மாற்றிப் பெட்டியில் அடுக்குவதாகவும், இருபது வருஷம் கழித்து நல்ல விலை வரும் என்றும் எழுதியிருந்தாய். அது என்னை யோசிக்க வைத்துவிட்டது. நாணயங்கள் மேல் உனக்குள்ள பிரியம் எனக்கும் உண்டு. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: ஆசைக்குச் சேர், சேமிப்பை மட்டும் அதில் போடாதே.

அமெரிக்காவில் 1950-ல் டென்வர் நாணயச்சாலை அச்சடித்த ஐந்து சென்ட் காசைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். மொத்தமே 26,30,030 காசுதான். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சன் உருவம் போட்ட அந்த வரிசையிலேயே அதுதான் மிகக் குறைவு. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குச் சுருள் சுருளாக, அதாவது தாளில் உருளையாகச் சுற்றிய கட்டுகளாக, வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒரு சுருளின் விலை முகமதிப்பை, அதாவது காசில் பொறித்த மதிப்பை, போலப் பல நூறு மடங்கு ஏறியது. 1964-க்குப் பிறகு மளமளவென்று சரிந்தது. விற்க வந்தவர்கள் எல்லோரிடமும் அதே காசு, அதுவும் புத்தம் புதிதாக! இன்றைக்கும் அந்தக் காசு பளபளப்பாக வேண்டுமென்றால் எளிதில் கிடைக்கும். கைபட்டுத் தேய்ந்ததைத் தேடுவதுதான் கஷ்டம்.

இதற்கு நேர்மாறானது பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்கா உருவம் போட்ட ஐம்பது பென்ஸ் காசு. 2009-ல் 2,10,000 மட்டும் அச்சானது. 2014-ல் நாணயச்சாலையே அதன் அருமையை எடுத்துச் சொல்லும்வரை ஜனங்கள் அதைச் சாதாரணச் சில்லறையாகக் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் விலை எகிறியது. யாரும் எடுத்து வைக்காதது விலை போகிறது, எல்லோரும் எடுத்து வைத்தது அப்படியே கிடக்கிறது. நீ அடுக்குவது இரண்டாம் வகை, சேகர். 1999 முதல் 2008 வரை ஐம்பது மாநிலங்களுக்கும் வெளியிட்ட கால் டாலர் காசுகளைக் கோடிக்கணக்கானோர் சேர்த்தார்கள். புழங்கிய காசின் மதிப்பு இன்றும் பெரும்பாலும் கால் டாலர்தான். 2004-ல் வந்த விஸ்கான்சின் மாநிலக் காசில் சிலவற்றில் மட்டும் சோளக்கதிரின் இடப்பக்கம் ஒரு இலை கூடுதலாக விழுந்திருக்கும். அதைத் தேடுவோர் உண்டு. அது அச்சில் நேர்ந்த பிழை, கட்டுக்கட்டாக வாங்கிப் பிடித்துவிட முடியாது.

"உலோகத்துக்காவது மதிப்பு இருக்குமே" என்று கேட்டிருக்கிறாய். இது நியாயமான கேள்வி. 1964 வரை வந்த அமெரிக்கக் கால் டாலரில் 90 சதவீதம் வெள்ளி. அவற்றை எடுத்து வைத்தவர்கள் லாபம் பார்த்தார்கள். அது வெள்ளிக்குக் கிடைத்த விலை. செம்பின் கணக்கே வேறு. 1982-க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் பெரும்பாலும் 3.11 கிராம், அதில் 95 சதவீதம் செம்பு. 1982-ல் செம்புக் காசும் துத்தநாகக் காசும் இரண்டுமே வந்தன, பின்னது 2.5 கிராம். மேசையில் போட்டுப் பார், பழையது கணீரென்று ஒலிக்கும், புதியது டொக்கென்று விழும். பிரித்தெடுப்பது சுவாரசியமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் டாலர் முகமதிப்புக்குச் சேர்த்தால் ஒரு லட்சம் காசு, எடை 311 கிலோ! எங்கே வைப்பாய்? வைத்தாலும் உருக்க முடியாது. 2006 டிசம்பரிலிருந்து ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்கத் தடை. மீறினால் பத்தாயிரம் டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. வெள்ளிக் காசுக்கு 1967-ல் போட்ட தடையை 1969-ல் நீக்கினார்கள் என்று நீ சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் செம்புக்கு அந்த நாள் வரும்வரை பணம் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்குமே? 1982-ல் ஒரு டாலருக்கு வாங்கிய பொருளுக்கு இன்று மூன்று டாலருக்கு மேல் ஆகிறது. பெட்டிக்குள் இருந்த சென்ட் இன்னமும் சென்ட்தான்.

விற்கும் நாளையும் நினைத்துப் பார். வங்கி முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா தராது. வியாபாரி குறையில்லாத காசை மட்டும் பொறுக்குவார்.

இனி என்ன செய்வது என்று கேட்பாய். மூட்டையை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதே. சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார். அச்சுப் பிழை உள்ளதையும், மனசுக்குப் பிடித்ததையும் தனியே எடுத்து வை. துலக்காதே, துலக்கினால் மதிப்புப் போய்விடும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதே, நாளடைவில் பச்சைப் பிசின் படியும். மீதியை வங்கியில் கட்டி, மகள் பேரில் வட்டி வரும் ஏதாவதில் போடு. எடுத்து வைத்தவற்றின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, பூதக்கண்ணாடியோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்