மூன்றாவது லைன் அக்காவுக்கு

அக்கா,

நம் பனியன் கம்பெனியில் கணக்கு முடிக்கும் விஷயம் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. ஊருக்குப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும், அன்று வரைக்கும் உள்ள சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு அவர் மிசினை வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. இந்த வாரம்தான் கையெழுத்தானது. முதலில் உங்களிடம் சொல்ல நினைத்தேன். உங்கள் பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. உங்கள் மகள் இந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்று தெரியும், வாசித்துக் காட்டட்டும்.

2021 ஜூனில் உங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுடையது. கொரோனா ஊரடங்கில் பல மாவட்டங்களுக்குத் தளர்வு வந்த பிறகும் கோவை, திருப்பூர், ஈரோடு என்று நம் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போனதே, அந்த நாட்கள். கம்பெனி திறந்ததும் நீங்கள் வந்தீர்கள். நான் ஒன்றும் கேட்காமல் தையல் மிசின் லைனைக் கொடுத்தேன். கேட்டால் உடைந்துவிடுவீர்களோ என்று பயந்தேன் அக்கா. உங்களுக்கு அது கல்மனதாகத் தெரிந்திருக்கும்.

அப்போது ஃப்ளோர் இருந்த நிலை வெளியாட்களுக்குத் தெரியாது. ஒருவர் இருமினால் பக்கத்து நாலு மிசினும் நின்றுவிடும். தேனி, திண்டுக்கல் பக்கம் போன குடும்பங்களில் பல திரும்பவே இல்லை. திரும்பியவர்களும் ஒன்றரை ஷிப்ட் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்று செக்கிங்கில் நின்ற பெண் இன்று அடுத்த தெருக் கம்பெனியில் இருப்பாள். அதற்கு மேல் 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் விலையைக் கண்டித்து ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. அப்புறம் ஐரோப்பிய ஆர்டர்கள் சுருங்கின. ஆள் இருந்தால் வேலை இல்லை, வேலை வந்தால் ஆள் இல்லை.

இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டோம். தாண்ட முடியாமல் நிற்பது 2023 மார்ச்சில், ஹோலிக்கு முந்தின அந்தச் சனிக்கிழமைதான்.

டீ நேரம் முடிந்து பெல் அடித்தும் பீகார் பையன்கள் எழவில்லை. ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள். பொய் என்று போலீஸ் சொல்லிவிட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகளே விசாரிக்க வந்தார்கள். நான் மேசை மேல் ஏறாத குறையாக, தெரிந்த இந்தியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். திங்கட்கிழமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். கட்டிங் முடிந்த துணி மலையாகக் கிடந்தது.

நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். "பயந்த கையில மிசினக் குடுத்தா ஊசி வெரல்ல ஏறிரும் தம்பி. போயிட்டு வரட்டும், உட்ருங்க."

"வீடியோ பொய்யிங்க அக்கா."

"அவங்கம்மா போன்ல அழுவுதே, அதுவும் பொய்யிங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. மேலிருந்து எனக்கு வந்திருந்த உத்தரவு வேறு. அது என்ன, யார் சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. படிப்பவர்களில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது. நீங்கள் நேராக, சம்பளக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசுக்குப் போய் நின்றீர்கள். கணக்கு முடிக்க மாட்டோம் என்றதும், அன்று வாங்கிய உங்கள் சொந்தச் சம்பளக் கவரைப் பிரித்து, டிக்கெட்டுக்குக் காசில்லாத பையன்களுக்குப் பங்கு போட்டீர்கள். அந்தக் கடைசிப் பையன் உங்கள் காலைத் தொட்டபோது, "ஏய் கண்ணு, எந்திரி எந்திரி" என்று அவன் முதுகில் தட்டினீர்கள். அவனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் சிரித்தான். அன்று பகல் முழுக்க அந்தப் பையன்களில் ஒருவர் முகத்திலும் நான் சிரிப்பைப் பார்க்கவில்லை.

அதற்காக உங்களைக் கும்பிடுகிறேன். அதே நாளுக்காக உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. லைன் பாதி காலியானது. மீதிப் பேர், முக்கால்வாசி நம் தமிழ்நாட்டுப் பெண்கள், ராத்திரி வரை உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் பயம்தான்: ஆர்டர் போனால் அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற பயம். அதை யார் பார்த்தது? ஒவ்வொரு மிசினாக நின்று பேசியது நான். சரக்கு கப்பலுக்குத் தப்பி விமானத்தில் போனது. அந்தச் செலவு உங்கள் தலையில் எழுதப்பட்டபோது நான் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். திறந்தேன். எங்கே, எவ்வளவு என்று சொன்னால் இன்னொருவர் வேலை போகும். உங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் அன்று நானும் எழுந்து போயிருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன? இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

அப்படிப்பட்டவர், ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டீர்கள். வேறு கம்பெனியில் சேர்ந்ததை டீக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கெல்லாம் போயிட்டு வா என்று சொல்லி அனுப்பியவருக்கு, போயிட்டு வாரேன் தம்பி என்று சொல்ல மனமில்லாமல் போனதா?

இன்னொன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்று நீங்கள் அனுப்பியவர்களில் பலர் தன்பாத் எக்ஸ்பிரஸில் திரும்பி வந்து, கேட்டில் நின்று உங்களைத்தான் கேட்டார்கள். நான் பேசிப் பேசி நிறுத்திவைத்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், திரும்பவில்லை. இந்தக் கையெழுத்துக்காக மேலே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எடுபட்டது இது ஒன்றுதான்.

புது யூனிட்டில் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். பெரும்பாலும் சின்னப் பெண்கள். டார்கெட் போர்டை எழுதத் தெரிகிறது, காலையில் ஒரு பெண் கண் சிவந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மிசின் ஆன் செய்வதற்கு முன் பத்து நிமிடம் லைனோடு பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு. தொகையை நேரில் பேசிக்கொள்வோம். வருகிறேன் என்றாலும் சரி, மாட்டேன் என்றாலும் சரி, இந்த முறை நீங்களே என்னிடம் சொல்லுங்கள் அக்கா. வேறு யார் வாயாலும் நான் கேட்க மாட்டேன்.

தம்பி