புதிய டாஷ்போர்டு தாமதமாவது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் சரக்குப் போக்குவரத்து அலுவலகங்களில் பயன்படும் எங்கள் மென்பொருளுக்கு, அவரவர் வேலைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய டாஷ்போர்டை, அதாவது முகப்புத் திரையை, பொங்கலுக்குள் தருவதாகச் சொல்லியிருந்தோம். அதைத் தள்ளிவைத்திருக்கிறோம். தண்டையார்பேட்டையில் நாங்கள் தொழில் தொடங்கிய நாள் முதல் உடனிருக்கும் உங்களுக்கு அதன் காரணத்தை முழுமையாகச் சொல்வது எங்கள் கடமை.

சோதனைக்காகச் சில அலுவலகங்களுக்குக் கொடுத்த முதல் வடிவத்தில் எந்தக் கட்டத்தையும் நகர்த்தலாம், மறைக்கலாம், நிறம் மாற்றலாம். தொலைபேசியில் கேட்டபோது, எல்லாமே மாற்றும்படி இருக்க வேண்டும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான திரைகள் நாங்கள் கொடுத்தபடியே இருந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரைலர்கள் வரிசையில் நிற்க, ஓட்டுநர்கள் மாறி மாறி அழைத்துக்கொண்டிருக்கும் வேளையில், திரையை அடுக்கிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. உங்கள் விருப்பத்தைக் கேட்டுக்கொண்ட நாங்கள், வேலை நடக்கும் இடத்துக்கு வந்து பார்க்கவில்லை. பிழை எங்களுடையது.

அதன்பின் மண்ணடியிலும் மணலியிலும் அனுமதி பெற்று, எழுத்தர்களின் அருகில் அரைநாள் அரைநாளாக உட்கார்ந்து பார்த்தோம். ஓர் அலுவலகத்தில் கணினிக்குப் பக்கத்திலேயே ஒரு டைரி திறந்திருந்தது; ஒவ்வொரு லோடுக்கும் ஈ-வே பில் (சரக்கை எடுத்துச்செல்ல ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு) எப்போது காலாவதியாகிறது என்பதை அங்கிருந்த அம்மா அதில் கையால் குறித்துவந்தார். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அந்தப் பில் செல்லும். காலாவதிக்கு முன் 8 மணி நேரத்திலும் பின் 8 மணி நேரத்திலும் மட்டுமே அதை நீட்டிக்க முடியும். அவருக்கு அன்றைய நாளின் மிக முக்கியமான செய்தி அதுதான். எங்கள் திரையிலோ அது நான்கு சொடுக்குகளுக்கு அப்பால் இருந்தது. எந்த நேர்காணலிலும் அவர் அந்த டைரியைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டார், ஏனெனில் அவருக்கு அது குறையாகவே தோன்றவில்லை, பழகிப்போன வேலை. இன்னோர் இடத்தில் ஓட்டுநர்கள் கன்டெய்னர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் சொன்னார்கள். எங்கள் தேடல் கட்டமோ நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த முழு எண்ணைக் கேட்டு நின்றது.

ஆகவே இரண்டு முடிவுகளை எடுத்திருக்கிறோம். மாற்றும் வசதி இருக்கும். ஆனால் யாரும் எதையும் தொடாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே பயன்படும்படி, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் திரையை நாங்களே அமைத்துத் தருவோம். நீட்டிக்க வேண்டிய ஈ-வே பில் அந்த நேரம் வந்ததும் தானாகவே மேலே வந்து நிற்கும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று மென்பொருள் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இத்துறையில் பலரும் அறிந்தது. ஆனால் அந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனர்களுக்கே பொருந்தும். வண்டி அனுப்புபவர், பில் போடுபவர், மாலையில் கைப்பேசியில் கணக்குப் பார்க்கும் உரிமையாளர் ஆகிய மூவரின் வேலையும் வேறு வேறு என்பதால் ஒவ்வொரு பிரிவிலும் தனியாக ஐந்து பேரைச் சந்திக்க விரும்புகிறோம். தாமதத்துக்குப் பெரிய காரணம் இதுவே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களை அழைக்கும்போது தயவுசெய்து உரிமையாளரின் அறையில் உட்காரவைக்க வேண்டாம். திரையை நாள் முழுதும் பார்ப்பவரின் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டுமே வருவோம். வாடகைத் தொகை, சரக்கு உரிமையாளரின் பெயர் எதையும் குறித்துக்கொள்ள மாட்டோம். திரையைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டே எடுப்போம், எடுத்ததை உங்களிடம் காட்டுவோம். அவர் தடுமாறும் இடங்களை நாங்கள் குறிப்பது எங்கள் மென்பொருளின் குறையை அறியத்தானே தவிர, அவருடைய திறமையை அளக்க அன்று. இதை அவரிடம் நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் வர வேண்டிய நாளையும் நேரத்தையும் நீங்களே குறிப்பிடுங்கள். வண்டிகள் நெருக்கும் வேளையாகவே இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் மென்பொருள் குழுவினர்,
தண்டையார்பேட்டை