சித்திரையில் வந்து பார்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கொட்டாயில் என் மாடு மயிலைக்கு நோவு கண்டுவிட்டது, பேனாவை மூடி வைத்துவிட்டு ஓடினேன். கிடாரிக் கன்று. விடியற்காலை நாலு மணிக்கு யார் தயவும் இல்லாமல் தானே போட்டாள். நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அம்மா முழங்கால் வலியோடு எழுந்து வந்து, கன்று குடித்தது போக மீதிச் சீம்பாலைக் கறந்து போனாள். மறுநாள் தெருவில் பாதி வீட்டுக்கு ஆளுக்கொரு கிண்ணம். நீ இருந்திருந்தால் உன் பங்கு ரெண்டாக இருந்திருக்கும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் வேலையை விட்டுவிட்டு, பாலக்கோட்டுப் பக்கம் தாத்தா விட்டுப்போன நாலு ஏக்கர் கொல்லையில் மாடு வளர்க்கப் போகிறாய். அதுவும் பாலுக்கு இல்லை, கறிக்கு. யூடியூபில் ஆஸ்திரேலியப் பண்ணைகளைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கண் வீங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு இங்கே செல்லாது, மாப்ள. 1958-லேயே தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். காளையைக் கறிக்கு வெட்ட வேண்டுமென்றால் அதற்குப் பத்து வயசு தாண்டியிருக்க வேண்டும், உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தீராத ஊனமோ நோயோ இருக்க வேண்டும். எருமைக்கும் அதேதான். ரெண்டு வயசுக் காளையைக் கொழுக்க வைத்து எடைக்குப் போடும் வேலையெல்லாம் கிடையாது. கறிதான் உன் கணக்கு என்றால் நம்ம சேலம் கருப்பு வெள்ளாடோ மேச்சேரிச் செம்மறியோ வாங்கு. ரெண்டும் நம்ம வெயிலுக்குப் பிறந்தவை.

மாடுதான் வேண்டும் என்றால் நான் பட்டதைக் கேள். என்னிடம் இப்போது பெரியது ஐந்து, எல்லாம் ஆலம்பாடி. ஒகேனக்கலுக்கு எதிரே, காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கிற ஊர் பேரில் வந்த இனம். பாலைக் கேட்டால் சிரிப்பாய்: வேளைக்கு ஒரு லிட்டர் தந்தால் அன்றைக்கு அது தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ராகித்தாளைத் தின்றுவிட்டு வேலை செய்யும், காட்டில் எதையாவது கடித்துப் பிழைக்கும். காளைக் கன்றுக்கு உழவுக்காரரும் வருகிறார்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவுக்குப் பழக்குகிறவர்களும் வருகிறார்கள். எருவுக்கு மாந்தோப்புக்காரர்கள் முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். இப்போதைக்கு எனக்குக் காசு வருவது இந்த ரெண்டு வழியில்தான்.

மூன்றை அஞ்செட்டிப் பக்கம் ஒரு பட்டிக்காரரிடம் வாங்கினேன். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பட்டி போட்டு மாடு மேய்த்தவர். 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள், அதே வருஷம் சரணாலயங்களுக்குள் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "காடு இல்லாம பட்டி எதுக்குங்க" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். அவரே மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டார். புதுக்கயிறு நான்தான் போட்டேன். விற்ற மாட்டின் கயிறு விற்றவர் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். அந்த மூன்றும் இன்றுவரை ஒரு தொல்லையும் தந்ததில்லை.

தொல்லை சந்தையில் வாங்கியதில்தான். வெள்ளிக்கிழமை விடியுமுன் குந்தாரப்பள்ளிக்குப் போனேன். தரகர் துண்டுக்குள் கையை விட்டு என் விரலைப் பிடித்தபோது எனக்குக் கூச்சத்தில் கணக்கே மறந்துவிட்டது. கன்றும் மாடுமாக ஒன்று, மடி புடைத்து நின்றது, பார்க்க லட்சணம். சின்ன யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சாயங்காலம் கன்றை அவிழ்த்து விட்டால் மாடு பின்னங்காலால் ஒரே உதை. திரும்ப முட்டப் போனது, திரும்ப உதை. அம்மா திண்ணையில் இருந்தே சொன்னாள், "டேய், இது அவ பெத்ததில்லடா." மடி புடைத்து நின்றதும் ஒருநாள் கறக்காமல் விட்டதால்தான். அப்புறம் அம்மா கல்லுப்பைக் கரைத்துக் கன்றின் முதுகெல்லாம் தடவி, மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். மூன்று நாள் உப்புக்காக நக்கியது. நாலாம் நாள் உப்பு இல்லாமலும் நக்கியது. இப்போது அந்தக் கன்று அரை மணி நேரம் கண்ணில் படாவிட்டால் ஊரைக் கூட்டுகிறது.

ஆகவே சந்தையில் வாங்கினால், உன் கண் முன்னே கன்றை ஊட்டச் சொல். பல்லைப் பிடித்துப் பார்: ரெண்டு பல் என்றால் ரெண்டு, ரெண்டரை வயசு; எட்டும் போட்டுக் கடைசிப் பல்லும் வரிசை சேர்ந்திருந்தால் ஐந்தை ஒட்டி. ஆனால் நம்ம பக்கம் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த மாட்டுக்குப் பல் கறை பிடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆகவே பல்லை மட்டும் நம்பாதே. சுழி பார்க்க அம்மா இருக்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் அவள் வேண்டாம் என்ற மாட்டை நான் வாங்கவில்லை. வந்த மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டு. கோமாரி ஊசியை ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவறவிடாதே.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஐப்பசி மழையில் கொல்லை இடுப்பளவு புல்லாக நின்றதைப் பார்த்து மாடு வாங்கினேன். மாசியில் அதே கொல்லை செம்மண்ணும் கல்லுமாகக் கிடந்தது. பெரிய மாடு ஒன்றுக்கு நாளைக்கு ஆறு கிலோ ராகித்தாள் வேண்டும். ஐந்துக்கு முப்பது கிலோ. மாசி தொடங்கி வைகாசி முடிய நூற்றி இருபது நாள் என்றால் மூணரை டன்னுக்கு மேல். கார்த்திகையில் ராகி அறுத்த கையோடு வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துப் பங்குனியில் வாங்கினேன். தண்ணீர் வேறு, வெயில் காலத்தில் மாட்டுக்கு நாற்பது ஐம்பது லிட்டர். உன் போர்வெல்லில் சித்திரையில் என்ன வருகிறது என்று உனக்கே தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். தீவனத்துக்குச் சோளம் விதைத்தால் பூக்கும் வரை மாட்டை உள்ளே விடாதே. இளம்பயிர், அதுவும் வாடி நிற்பது, நஞ்சு.

நீ கறி என்று எழுதியதைப் படித்ததும் எங்கப்பா ஞாபகம் வந்தது. நாம் எட்டாவது படித்தபோது எங்கள் வீட்டுக் கிழ எருதைச் சந்தைக்கு ஓட்டினாரே, நீயும் ஏரிக்கரை வரை கூட வந்தாய். லாரி எங்கே போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். "சந்தைக்கு ஓட்டியாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று ராத்திரி அப்பா களியைத் தொடவில்லை. மறுவாரம் அதே பணத்தில் விதைக்கடலை வாங்கினார். மயிலைக்கு இப்போது ஆறு பல். அவள் கிழமாகும்போது நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நீயாவது அந்த வார்த்தையை நேராக எழுதினாய்.

அவசரப்படாதே. சித்திரையில் ரெண்டு நாள் லீவு போட்டு வா. முதலில் உன் கொல்லையில் போரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் தாள் விலை விசாரிப்போம். மாடு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

வரும்போது போன தடவை வாங்கி வந்தாயே, அந்த முழங்கால் தைலம், ரெண்டு பாட்டில் எடுத்து வா. அம்மா ஒரு பாட்டிலை மாட்டுக்குத் தடவிவிட்டாள்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்